அணையாடை கற்பிக்கும் பாடம்

விடுமுறையில் நம்மைக் காண வந்த பழைய மாணாக்கர் ஒருவர், மருத்துவக் கல்வியின் நான்காம் ஆண்டில் இருப்பவர், தாம் நாணித் தலைகுனிந்த ஒரு நிகழ்ச்சியை மறைக்காது கூறினார். சிறுவர் விடுதியில் ஐந்து வாரக் குழந்தையொன்று. கண்ணும் மேனியும் மஞ்சள் பூத்திருந்தன. நம் மாணாக்கர் நிறை பார்த்தார். தாயின் மடியிலேயே குழந்தையைக் கிடத்தி ஈரலைத் தடவிப் பார்த்தார். பின் நோய்களின் பெயர்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். யாவற்றையும் பொறுமையோடு கேட்டிருந்த விசேட வைத்தியர், "தம்பி, பிள்ளையின் மலம் என்ன நிறம்?" என்று மாத்திரம் வினவினாராம்.

மாணாக்கர் அதனைப் பார்க்கவில்லை. தாய்தான் விடை சொன்னாள்: "மூண்டு கிழமையாய் வெள்ளைக் களி மாதிரித்தான் போகுது டொக்டர். ஒருத்தரும் கேக்கேல்லை."

பிறந்த குழந்தைகளுட் பாதிக்கு மேற்பட்டவை முதல் வாரத்தில் மஞ்சள் நிறம் பெறுவது இயல்பு. செங்குருதிக் கலங்கள் சிதைவதால் உண்டாகும் மஞ்சட் பொருளை அகற்றும் ஆற்றல் ஈரலுக்கு இன்னும் முதிராமையே காரணம். பெரும்பாலான குழந்தைகளில் இரு வாரங்களில் அது மறைந்துவிடும். இளவெயிலிற் பிடித்தாற் போய்விடும் என்று நம் ஆச்சிமார் கூறுவது பலித்ததுபோலத் தோன்றுவதும், வெயில் இல்லாமலே அது போய்விடக் கூடியது என்பதனாலேயாம்.

ஆனால் மிகச் சில குழந்தைகளிற் பித்தக் குழாய்கள் அழற்சியுற்றுத் தூர்ந்து போகின்றன. ஐரோப்பாவிற் பிறக்கும் 15,000 முதல் 20,000 வரையான குழந்தைகளுள் ஒன்றுக்கு இந்நோய் காணப்படுகிறது. தைவானில் இன்னும் அதிகம். மலத்துக்கு நிறம் கொடுப்பது பித்தம். அது குடலை அடையாவிடின் மலம் சுண்ணாம்பு போல வெளிறும். சிறுநீரோ கறுத்து அணையாடையிற் கறைபடுத்தும். வெளியேற வழியின்றித் தேங்கும் பித்தம் ஈரலை நாளுக்கு நாள் அழிக்கும். கொடுமை என்னவெனில், அக்குழந்தை தொடக்கத்திற் பால் குடித்துச் சிரித்து நன்றாகவே இருக்கும். எவரும் ஐயுறார்.

இந்நோயுற்ற குழந்தைகளுட் பெரும்பாலோருக்கு ஒரு காலத்தில் வழியே இருக்கவில்லை. 1955ஆம் ஆண்டில் ஜப்பானின் செண்டாய் நகரில் மோரியோ கசாய் என்னும் சத்திர வைத்தியர், தூர்ந்த குழாய்களை அகற்றிச் சிறுகுடலின் ஒரு பகுதியை ஈரலின் வாயிலோடு நேரே பொருத்தினார். பித்தம் வழிந்தது. அவர் 1959இல் ஜப்பானிய மொழியில் எழுதி வெளியிட்டதை மேலைநாட்டார் நம்புவதற்குப் பல்லாண்டுகள் சென்றன. இச்சிகிச்சையின் பயனோ நாட்கணக்கைப் பொறுத்தது. பிறந்து 60 நாட்களுக்குள் செய்தால் நம்பிக்கை மிகுதி. அதன்பின் குறைந்துகொண்டே போகும். அப்படியும் பலருக்குப் பிற்காலத்தில் மாற்று ஈரல் வேண்டியதாகிறது. 1963இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் மனிதருக்கு முதன்முதலாகச் செய்யப்பட்ட ஈரல் மாற்றுச் சிகிச்சையும் இந்நோயுற்ற மூன்று வயதுப் பிள்ளைக்கே, பிள்ளை பிழைக்கவில்லை.

ஆகவேதான் தைவான் நாட்டார் மலத்தின் நிறங்களை அச்சிட்ட அட்டையொன்றை 2002இல் பரீட்சித்து, 2004 முதல் நாடெங்கும் தாய்மாரின் கையிற் கொடுத்தனர். தாய் அணையாடையையும் அட்டையையும் ஒப்பிட்டுப் பார்த்தாற் போதும். 60 நாட்களுக்குள் சத்திர சிகிச்சை பெறும் குழந்தைகளின் தொகை அங்கு உயர்ந்தது. விலையுயர்ந்த யந்திரம் எதுவும் இதற்கு வேண்டியிருக்கவில்லை என்பதை நாம் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறோம்.

குழந்தைகளின் குடல், ஈரல் நோய்களில் நிபுணராவது எளிதன்று. அமெரிக்காவிற் பட்டம் பெற்றபின் பொதுச் சிறுவர் மருத்துவத்தில் மூன்று ஆண்டுகளும், இத்துறையில் மேலும் மூன்று ஆண்டுகளும் பயில வேண்டும். குழாய்க் கருவியை உட்செலுத்திக் குடலைப் பார்க்கவும், இழையத்தைக் கிள்ளியெடுத்துச் சோதிக்கவும் பழக வேண்டும். எனினும் இத்துறையின் பெருங் கண்டுபிடிப்பொன்றிலும் ஒரு தாயின் சொல்லுக்குப் பங்குண்டு. பாணை நிறுத்தியதும் தன் பிள்ளை தேறியதாக அவள் கூறியதை ஹேக் நகர வைத்தியர் வில்லெம் டிக்கே அலட்சியம் செய்யவில்லை. வயிறு உப்பிக் கைகால் சூம்பும் சீலியாக் நோயைத் தூண்டுவது கோதுமை என்று 1950இல் தம் ஆய்வேட்டில் எழுதினார். அதுவரை அமெரிக்காவில் அப்பிள்ளைகளுக்கு வாழைப்பழ உணவே பெயர்பெற்ற சிகிச்சை!

இரு வாரம் கடந்தும் மஞ்சள் மாறாத குழந்தைக்கு, மஞ்சட் பொருளின் இரு கூறுகளையும் பிரித்தளக்கும் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். மலம் வெளிறியிருப்பின் அந்த இரு வாரமும் காத்திருத்தல் ஆகாது.

அந்தக் குழந்தை மறுநாளே கொழும்புக்கு அனுப்பப்பட்டதாம். முப்பத்தொன்பதாம் நாளிற் சத்திர சிகிச்சை நடந்தது. சென்ற வாரம் நம் மாணாக்கரிடமிருந்து கடிதம் வந்தது. நலம் விசாரிக்கும் முன்பே, முதல் வரியில், "ஐயா, இப்போது மஞ்சளாகப் போகிறதாம்" என்று எழுதியிருந்தார்.