கிரவுன்-பினியன் மாத்தினா கார் பறக்குமா?

மணிமங்கலம் ரோட்டில் ஜல்லி ஏற்றிப் போகும் டிப்பரைக் கவனிச்சிருப்பீங்க. உறுமல் அதிகம், வேகம் கம்மி. அதன் பின் ஆக்ஸிலில் இருக்கிற அதே கணக்குதான், பின்சக்கரத்தில் ஓடும் ரேஸ் காரிலும்.

டிஃபரன்ஷியலுக்குள்ள பெரிய பல்சக்கரம் கிரவுன், சின்னது பினியன். கிரவுனில் 41 பல், பினியனில் 11 என்றால் ரேஷியோ 3.73. பினியன் 10 பல் என்றால் 4.10. சக்கரத்துக்குப் போற டார்க் 10 சதவீதம் ஏறும். சும்மா கிடைக்காது. டயர் ஒரு சுற்றுக்கு 2 மீட்டர் ஓடுது, டாப் கியர் 1:1, இன்ஜின் 6000 ஆர்.பி.எம்.னு வெச்சுக்கோங்க. முன்னாடி 193 கி.மீ. வேகம், இப்போ 176தான்.

நம்ம பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் இந்த 17 கி.மீ. பெரிய விஷயம். நேர்பாதையில் பாதியிலேயே ரெட்லைன் தொட்டுட்டா, வளைவைத் தாண்டி சம்பாதிச்சதை அங்கே விட்டுடுவோம். பிரேக் பிடிக்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாடி ரெட்லைன் வர்ற ரேஷியோதான் சரி. டயர் ஏற்கெனவே வழுக்குதுன்னா, முதல்ல டயருக்குக் காசு போடணும்னுதான் நான் சொல்வேன்.

பினியனை மட்டும் மாத்தாதீங்க. ரெண்டும் ஜோடியா உரசிப் பொருத்தினவை, செட்டாத்தான் மாத்தணும். பேக்லாஷை டயல் கேஜில் பார்க்கணும். பல்லில் கலர் பூசிச் சுத்தி, தடம் நடுவில் விழுதான்னும் பார்க்கணும். விட்டா முதல்ல ஊளை, அப்புறம் உடைசல். அந்த ஊளையை வீல் பேரிங்னு நினைச்சு ஓட்டறவங்களும் உண்டு!

ஸ்பீடோமீட்டர் சென்சார் கியர்பாக்ஸ் அவுட்புட்டில் இருந்தா, இனிமே அது 10 சதவீதம் கூட்டித்தான் காட்டும்.