புழுவெட்டுக்கு மருந்தாய்வு: கையெழுத்திடும் முன்

குளிர் மாதங்களில் எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு வருவோரில் பலர் கம்பளித் தொப்பி அணிந்தே வருவர். மருத்துவர் முன் அமர்ந்ததும் பெரும்பாலோர் அதைக் கழற்றிவிடுவர். கழற்றத் தயங்குவோரும் உண்டு. தேயிலைத் தோட்டத்திலிருந்து தாயுடன் வந்த ஒரு மாணவி அத்தகையவர். பதினேழு வயது, தலையில் பாதிக்கு மேல் முடியில்லை. கோவையில் புதிய மருந்து ஒன்றுக்கு ஆய்வு நடப்பதாக உறவினர் சொன்னதைக் கேட்டு இருவரும் வந்திருந்தனர்.

"அதில் சேர்த்தால் முடி வளர்ந்துவிடுமா, டாக்டர்? இல்லை, என் பிள்ளையை வைத்துச் சோதித்துப் பார்க்கிறார்களா?" என்று அந்தத் தாய் கேட்டார்.

இரண்டும் நியாயமான கேள்விகள். இதே ஐயம் உள்ள பிறருக்கும் பயன்படும் என்பதால், அன்று நாங்கள் கூறிய விடையை இங்கே சற்று விரித்து எழுதுகிறோம்.

எல்லா உதிர்வும் ஒன்றன்று

கடும் காய்ச்சல், மகப்பேறு, அறுவை சிகிச்சை ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று மாதங்களுக்குப் பின் முடி கொத்தாக உதிர்வதுண்டு. காரணம் நீங்கினால் பெரும்பாலும் அது தானே வளரும். புற்றுநோய் மருந்துகளால் உதிரும் முடியும் சிகிச்சை முடிந்தபின் பெரும்பாலோர்க்குத் திரும்பும். ஆண்களின் வழுக்கை மரபையும் ஹார்மோனையும் சார்ந்தது.

வட்டத் திட்டுகளாக முடி கொட்டுவதைப் புழுவெட்டு என்கிறோம். பெயரில் புழு இருப்பினும் நோயில் புழு இல்லை. உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு அணுக்கள் முடியின் வேரைத் தவறுதலாகத் தாக்குவதே காரணம். இது தொற்றுநோயன்று, பிள்ளையின் சீப்பையோ தலையணையையோ ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு மருந்தாய்வும் குறிப்பிட்ட ஒரு வகைக்கே நடத்தப்படுகிறது. ஆகவே, எவ்வகை உதிர்வு என்பதை முதலில் தோல் மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒப்பிட்டால்தான் தெரியும்

சிறு திட்டுகளாக வரும் புழுவெட்டு பலருக்கு ஓராண்டுக்குள் தானே சரியாகிவிடும். அந்த ஓராண்டில் வெங்காயச் சாறு தடவியவர் வெங்காயத்தைப் புகழ்வார்; எண்ணெய் தடவியவர் எண்ணெயைப் புகழ்வார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் தடவாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவர்கள் அறிய வழியில்லை. அதை அறியத்தான் ஆய்வில் ஒப்பீட்டுக் குழு ஒன்று தேவைப்படுகிறது.

இம்முறை நம் மலைக்குப் புதிதன்று. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் 1918இல் ராபர்ட் மெக்காரிசன் ஓர் அறையில் தொடங்கிய ஆய்வுப் பணி, பின்னர் ஊட்டச்சத்து ஆய்வகமாக வளர்ந்தது. 1958இல் ஐதராபாத்துக்கு மாறிய அதுவே இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். குன்னூரில் அவர் எலிகளைக் குழுக்களாகப் பிரித்து, இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்களின் உணவை ஒவ்வொரு குழுவுக்கும் கொடுத்து, வளர்ச்சியை ஒப்பிட்டார். மனிதர்களிடம் நடத்தும் ஆய்வுக்கும் ஒப்பீடே அடிப்படை. ஆனால் எலியிடம் யாரும் இசைவு கேட்பதில்லை. மனிதரிடம் கேட்டே ஆக வேண்டும்.

எண்கள் கூறுவது

பாரிசிட்டினிப் என்னும் மாத்திரை முதலில் மூட்டுவாதத்துக்கு வந்த மருந்து. தலைமுடியில் பாதியேனும் இழந்த 1,200 பெரியவர்களிடம் இதனைப் புழுவெட்டுக்கு ஆராய்ந்த இரு ஆய்வுகளின் முடிவுகள் 2022இல் வெளிவந்தன. சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் பங்கேற்பாளர்கள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு நாள்தோறும் 4 மில்லிகிராம். இன்னொன்றுக்கு 2 மில்லிகிராம். மூன்றாவது குழுவுக்கு மருந்துப்போலி, அதாவது தோற்றத்தில் அதே போன்று, மருந்தே இல்லாத மாத்திரை. எவருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

36 வாரங்கள் கழித்து, முதல் ஆய்வில் தலையின் 80 விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்ட பரப்பில் முடி பெற்றிருந்தோர், நூற்றுக்கு ஏறத்தாழ 39 பேர், 23 பேர், 6 பேர் என அதே வரிசையில் இருந்தனர். 2022 ஜூனில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடுமையான புழுவெட்டுக்கு இதனை ஒப்புக்கொண்டது. 12 வயது முதல் தரத்தக்க ரிட்லெசிட்டினிப் என்னும் மாத்திரைக்கு 2023 ஜூனில் அங்கே ஒப்புதல் கிடைத்தது.

நல்ல செய்திதான், ஆயினும் எண்களை முழுமையாகப் படிக்க வேண்டும். அதிக அளவு மருந்து உண்டவர்களிலும் நூற்றுக்கு 61 பேர் அந்த இலக்கை எட்டவில்லை. பாரிசிட்டினிப் மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலோர்க்கு முடி மீண்டும் உதிர்கிறது. இவ்வகை மருந்துகள் நோயெதிர்ப்பைக் குறைப்பதால் காசநோய், அக்கி போன்ற தொற்றுகளுக்கு இடமுண்டு. இரத்தம் உறைதல் பற்றிய எச்சரிக்கையும் உண்டு. இவற்றைத் தொடங்குமுன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம் தேவை.

ஆகவே, தாயின் முதல் கேள்விக்கு விடை: வளரலாம், வளராமலும் போகலாம், பிள்ளைக்கு மருந்துப்போலியே கிடைக்கவும் கூடும். இரண்டாம் கேள்விக்கு விடை: ஆம், சோதித்துத்தான் பார்க்கிறார்கள். அதை மறைக்காமல் சொல்லி, உங்கள் இசைவைப் பெற்ற பிறகே தொடங்க வேண்டும் என்பது சட்டம்.

உங்கள் உரிமைகள்

இந்தியாவில் புதிய மருந்துகளின் ஆய்வுகளை 2019ஆம் ஆண்டு விதிகள் நெறிப்படுத்துகின்றன. ஆய்வு தொடங்குமுன் நெறிமுறைக் குழு அதனை ஏற்க வேண்டும். அக்குழுவில் மருத்துவத் துறையைச் சாராத பொதுமக்களில் ஒருவரும் இடம்பெறுவார். இசைவுப் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்க்கு, ஆய்வைச் சாராத சாட்சி ஒருவர் முன்னிலையில் அதனை வாசித்து விளக்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவர்க்குப் பெற்றோர் கையெழுத்திட்டாலும், பிள்ளையின் ஒப்புதலையும் கேட்க வேண்டும். ஆய்வினால் தீங்கு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டு.

ஆய்வுக்கான செலவைப் பங்கேற்பாளரிடம் பெறலாகாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் கூறுகின்றன. "எங்கள் ஆய்வில் சேருங்கள், முன்பணம் கட்டுங்கள்" என்று எவரேனும் கேட்டால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கையெழுத்திடும் முன் கேளுங்கள்

1. இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகத்தின் பதிவு எண் என்ன? 2009 ஜூன் 15 முதல் பதிவு கட்டாயம். அந்த எண்ணைக் கொண்டு எவரும் இணையத்தில் இலவசமாகச் சரிபார்க்கலாம். எங்களிடம் கொண்டு வந்தால் நாங்களும் பார்த்துச் சொல்வோம்.

2. மருந்துப்போலிக் குழு உண்டா? அதில் அமைந்தவர்க்கு ஆய்வு முடிந்தபின் மருந்து கிடைக்குமா?

3. எத்தனை முறை வர வேண்டும்? பயணச் செலவையும் அன்றைய கூலி இழப்பையும் தருவார்களா?

4. மழைக்காலத்தில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் சாலை அடைபட்டால், தவறிய நாளுக்கு என்ன ஏற்பாடு? இரத்தப் பரிசோதனையை இங்கேயே செய்துகொள்ளலாமா?

5. இரவில் காய்ச்சலோ மூச்சுத்திணறலோ வந்தால் யாரை அழைப்பது?

6. இப்போது உண்ணும் மருந்துகளை நிறுத்த வேண்டுமா? கருவுற்றிருந்தால் அல்லது கருவுற எண்ணினால் சேரலாமா?

படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்கலாம். அன்றே கையெழுத்திட வேண்டும் என்று வற்புறுத்தினால் அதுவே ஓர் எச்சரிக்கை. சேர மறுத்தாலும் உங்கள் வழக்கமான சிகிச்சை எவ்வகையிலும் குறையக் கூடாது, எங்களிடம் குறையாது.

தாய்க்கு விடை சொல்லி முடித்த பின், அதுவரை பேசாதிருந்த மகள் ஒன்று கேட்டார்: "நடுவில் வேண்டாம் என்று தோன்றினால் விட்டுவிடலாமா?"

எப்போது வேண்டுமானாலும் விலகலாம். காரணம் சொல்லவும் தேவையில்லை என்றோம். பாதுகாப்பாக நிறுத்துவதற்காக மருத்துவரிடம் தெரிவித்தால் போதும். சேர்வதா வேண்டாமா என்பதை அவர்கள் அன்று முடிவு செய்யவில்லை. கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, வீட்டில் பேசிவிட்டு வருவதாகச் சொல்லிச் சென்றனர். அதுவே சரியான முறை என்று நாங்கள் கருதுகிறோம்.