நாள் தள்ளிப்போன இரண்டு வாரத்துக்குள்

ஓரம் ஒட்டாத குழாய் உதவாது. திருத்தங்கலில் பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுருட்டும் பெண்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் ஒவ்வொருவரின் மூளையும் தண்டுவடமும் அப்படியொரு குழாயாகத்தான் தொடங்கின. கருத்தரித்த மூன்றாவது வாரத்தில், கருவின் முதுகுப் பக்கத்தில் செல்கள் ஒரு தகடுபோலப் பரந்திருக்கும். நடுவில் பள்ளம் விழும். இரு ஓரங்களும் எழும்பிச் சாய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இதுதான் நரம்புக் குழாய். ஏறத்தாழ 22ஆம் நாளில் ஒட்டத் தொடங்கி, 28ஆம் நாள் வாக்கில் மூடி முடிகிறது. தலைப்பக்கம் மூடாவிட்டால் மூளையின் பெரும்பகுதி உருவாகாது, குழந்தை பிழைக்காது. கீழ்ப்பக்கம் திறந்தே நின்றுவிட்டால் முதுகுத்தண்டுப் பிளவு. கால்கள் வலுவிழக்கும், சிறுநீர் கட்டுப்படாது, பலருக்குத் தலையில் நீர் கோத்துக்கொள்ளும்.

இந்த 28 நாள் என்பது கருத்தரித்ததிலிருந்து எண்ணுவது. வீட்டுக் கணக்கில், நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம். தீப்பெட்டி ஆபீசுக்கோ பட்டாசு ஆலைக்கோ காலையில் ஓடும் பெண், ‘அலைச்சலில் தள்ளிப்போயிருக்கும்’ என்று நினைத்துக்கொண்டிருக்கும் நாட்கள் அவை. நர்சம்மாவிடம் பெயர் பதிந்து சத்து மாத்திரை கைக்கு வரும்போது, குழாய் மூடியிருக்கும். அல்லது மூடாமலே போயிருக்கும். பிறகு பழியெல்லாம் தாயின் தலையில். கிரகணத்தன்று வெளியே வந்தாளாம், காய் நறுக்கினாளாம். கிரகணத்துக்கும் இந்தக் குறைக்கும் எள்ளளவும் தொடர்பில்லை.

தொடர்புள்ளது ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின். செல்கள் வேகமாகப் பெருகும்போது டிஎன்ஏவைப் புதிதாக உருவாக்க அது வேண்டும். அதைக் கண்டறிந்த கதையும் ஆலைப் பெண்களிடமிருந்தே தொடங்குகிறது. 1928இல் பம்பாய் வந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், பஞ்சாலைப் பெண்களைக் கர்ப்ப காலத்தில் வாட்டிய கடும் ரத்தசோகையை ஆராய்ந்தார். இடையில் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் சில மாதங்கள். 1931இல் சென்னையில், இன்றைய கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையில். மலிவான ஈஸ்ட் சாறு அந்தச் சோகையைத் தீர்ப்பதை அவர் கண்டார். அந்தச் சாற்றில் இருந்த, பின்னர் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்ற பொருளை 1945இல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரித்த குழுவுக்குத் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லப்பிரகட சுப்பாராவ். நரம்புக் குழாயோடு அதற்குள்ள உறவு ஐயமற நிலைபெற்றது 1991இல்தான். இக்குறையுள்ள கருவை ஏற்கெனவே சுமந்த பெண்கள் ஏழு நாடுகளில் ஆராயப்பட்டார்கள். கருத்தரிக்கும் முன்பே மாத்திரையைத் தொடங்கியவர்களுக்கு அது மீண்டும் வருவது 72 சதவீதம் குறைந்தது. மிச்சத்துக்கு மரபணு, கட்டுப்படாத சர்க்கரை நோய், சில வலிப்பு மருந்துகள் என்று வேறு காரணங்கள் உண்டு.

குழாய் மூடுவதை மனிதக் கருவில் நேரில் பார்க்க வழியில்லை. ஆய்வகத்தில் கருவை 14 நாளுக்கு மேல் வளர்ப்பதில்லை என்பது பல நாடுகள் காக்கும் வரம்பு. அடைவைத்த கோழிமுட்டையில் இரண்டாம் நாளே இது நடப்பதால், கோழிக்கருவே நெடுங்காலம் ஆசானாக இருந்தது. 2021இல் கலிஃபோர்னியாவின் சாந்தா பார்பரா பல்கலைக்கழகத்தில், மனித ஸ்டெம் செல்களை ஒரு சில்லில் வளர்த்து, தகடு மடிந்து குழாயாவதைக் கண்ணெதிரே காட்டினார்கள். எந்த மருந்து அந்த மடிப்பைக் குலைக்கும் என்று இனி சோதிக்கலாம்.

நம் ஊருக்கு வேண்டியது அதைவிட எளியது. கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தாவது, கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம் வரை, தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். பள்ளிகளில் தரும் மாத்திரையில் 500 இருக்கிறது, ஆனால் அது வாரத்துக்கு ஒன்றுதான். செறிவூட்டிய ரேஷன் அரிசியில் கிலோவுக்கு 75 முதல் 125 வரை. ஒருநாள் சோற்றில் கிடைப்பது சொற்பம். அந்தச் சொற்பத்தையும் ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று பொறுக்கி எறிந்துவிடுகிறார்கள். அது அரிசி மாவில் சத்துக் கலந்து வார்த்த மணி. முருங்கைக்கீரையிலும் பயறிலும் ஃபோலேட் உண்டு. வேகவைக்கும்போது கணிசமான பகுதி போய்விடும். ஆகவே கல்யாணம் நிச்சயமானதுமே மாத்திரையைப் பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்பது நல்லது.

முந்தைய கருவில் இக்குறை இருந்தவர்களுக்கு 400 போதாது. 1991 ஆய்வில் கொடுத்தது தினம் 4 மில்லிகிராம், அதாவது பத்து மடங்கு. அடுத்த குழந்தையைப் பற்றி யோசிக்கும்போதே மருத்துவரிடம் பழைய ஸ்கேன் தாள்களைக் காட்டி, அந்த அளவைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.