பத்தொன்பது மணி நேரப் பகலில் அவரை காய்க்குமா?

நார்வேயின் மேற்குக் கரையில் இருக்கும் பேர்கன் நகரில் ஈழத்தமிழர் குடும்பங்கள் பல வாழ்கின்றன. முருங்கைக்காய், புடலங்காய், கறிவேப்பிலை எல்லாம் அங்கே விமானம் ஏறி வரும் சரக்கு, விலையும் அதற்கேற்றபடிதான். வீட்டோடு கொஞ்சம் மண் இருந்தால் நாமே பயிரிடலாமே, காசு மிச்சமாகுமே என்று தோன்றுவது இயல்பு. மிச்சமாகுமா என்பதைக் கடைவிலைக்கு முன்னால் சூரியன்தான் முடிவு செய்கிறது.

பேர்கன் 60 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஜூன் கடைசியில் பகல் ஏறக்குறைய 19 மணி நேரம். டிசம்பர் பிற்பகுதியில் ஆறு மணி நேரம்கூடத் தேறாது. கோடையில் இவ்வளவு வெளிச்சம் கிடைத்தால் எல்லாமே காய்த்துத் தள்ளாதா? இலை தழைக்கும், காய்க்கு அந்த உறுதி இல்லை. பகலின் நீளத்தைப் பார்த்தே பல செடிகள் பூக்கின்றன என்பதை 1920இல் கார்னர், அல்லார்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் புகையிலையையும் சோயாவையும் வைத்துக் காட்டினார்கள். செடி உண்மையில் அளப்பது இரவின் நீளத்தை என்பது பின்னர் தெரிந்தது. நாட்டு அவரை இரவு நீண்டால்தான் பூக்கும். ஆடியில் ஊன்றியது மார்கழி, தையில் கொத்துக் கொத்தாகக் காய்ப்பது இதனால்தான். பேர்கனிலோ செப்டம்பர் கடைசியில்தான் இரவு அதற்குப் போதுமான அளவு நீள்கிறது. அதற்குள் குளிர் வந்துவிடும். கொடி பந்தல் முழுக்கப் படர்ந்திருக்கும், பூ இருக்காது.

சூடும் போதாது. ஜூலையில்கூடச் சராசரி வெப்பம் 15 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. பாகலும் வெண்டையும் ஒழுங்காக முளைக்கவே மண் 20 பாகை அளவுக்குச் சூடாக இருக்க வேண்டும். வீட்டுக்குள் விளக்கு வைத்து வளர்க்கலாம் என்பார்கள். 100 வாட் விளக்கு நாளுக்கு 14 மணி நேரம் எரிந்தால் மாதம் 42 யூனிட். யூனிட்டுக்கு ஒரு குரோனர் என்று வைத்தாலும், ஐந்து மாதக் குளிர்காலத்துக்கு 210 குரோனர். ஒரு தொட்டி கறிவேப்பிலைக்கு இது கட்டாது. மிளகாய்ச் செடியைச் சன்னலோரம் வைத்துக் கோடை வெளிச்சத்திலேயே காய்க்க விடுவது மேல்.

அடுத்தது மழை. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர்; பேர்கனில் 2,000க்கும் மேல். 2006 அக்டோபர் கடைசியில் தொடங்கி 85 நாள் இடைவிடாமல் மழை பெய்த ஊர் அது. நீர் பாய்ச்சும் செலவு பெரும்பாலும் மிச்சம். ஆனால் அதே மழை மண்ணின் சத்தைக் கரைத்துக்கொண்டு போகிறது, மண்ணைப் புளிப்பாக்குகிறது. சுண்ணாம்பும் உரமும் போட்டாக வேண்டும். ஈரத்தில் உருளைக்கிழங்கையும் தக்காளியையும் கருகல் நோய் தாக்குகிறது. ஓடில்லாத பழுப்பு நத்தைகள் இளங்கன்றுகளை ஓரிரவில் மேய்ந்துவிடுகின்றன. அந்தக் கரையோர உழவர்கள் கரையொதுங்கிய கடற்பாசியை வயலுக்கு உரமாக இட்டு வந்தார்கள். பொட்டாசியம் நிறைந்த உரம். கடையில் வாங்கும் மூட்டைக்கு நல்ல மாற்று.

இனி கணக்குக்கு வருவோம். வில்லியம் அலெக்சாண்டர் என்ற அமெரிக்கர் தம் தோட்டத்தில் கொட்டிய பணத்தையெல்லாம் வகுத்துப் பார்த்தபோது ஒரு தக்காளிக்கு 64 டாலர் விழுந்தது. 2006இல் அதைப் புத்தகமாகவே எழுதினார். விலையை ஏற்றுவது பெரும்பாலும் விதையல்ல. வேலி, பெட்டி, மண்மூட்டை, கண்ணாடிக் கூடம். ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில், 1940க்கும் 1945க்கும் இடையே, நார்வேக்காரர்கள் புல்வெளியைக் கொத்தி உருளைக்கிழங்கு போட்டார்கள். அன்று கடையில் உணவுக்குத் தட்டுப்பாடு. இன்று அங்கே உருளைக்கிழங்கும் கேரட்டும் மலிவான காய்கள். அவற்றைப் பயிரிட்டுப் பணம் மிச்சம் பிடிக்க முடியாது.

மிச்சம் இலையில் இருக்கிறது. கொத்தமல்லி, புதினா, வெந்தயக்கீரை ஆகியவற்றைக் கடையில் சிறு கட்டாக, எடைக்கு மிக அதிக விலை கொடுத்து வாங்குகிறோம். நீண்ட பகலில் கொத்தமல்லி சீக்கிரம் பூத்துவிடும் என்பதால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக விதைக்க வேண்டும். ஆகஸ்டில் விதைப்பது நன்றாக நிற்கும். கேல் கீரை உறைபனியையும் தாங்கும், குளிர் பட்டால் இனிப்பும் ஏறும். தேங்காய்ப்பூ போட்டு வறை செய்யப் பொருத்தமான இலை. இலைக்காக அல்லாமல் தண்டுக்காக வளர்க்கும் ரூபார்ப், ஒருமுறை நட்டால் பல ஆண்டு பலன் தரும்.

நம் உழைப்புக்கு நார்வேக் கூலியைப் போட்டுப் பார்த்தால் எந்தத் தோட்டமும் நட்டம்தான். உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல், கருவிகளை அக்கம்பக்கத்தாரோடு பகிர்ந்து, இலைப்பயிர் மட்டும் போட்டால் கையில் காசு நிற்கும். இந்த ஆண்டு தொடங்குபவர்கள் அவரைப் பந்தலை விட்டுவிட்டு ஒரு பாத்தி கீரையோடு தொடங்குங்கள்.