நீளும் வெள்ளியும் நிமிர்ந்து நிற்கும் எஃகும்

நெசவாளர் கைக்கு வரும் அசல் சரிகையிலும் உழவர் கையிலுள்ள அரிவாளிலும் இருப்பது உலோகமே. எனினும் முன்னது தலைமயிரளவு மெல்லிய கம்பியாக இழுக்கப்பட்டும் அறாதிருக்க வேண்டும். பின்னது அறுவடை முழுவதும் கூர் மழுங்காதிருக்க வேண்டும். நேர்மாறான இக்குணங்கள் உலோகத்திற்கு எங்ஙனம் வாய்க்கின்றன என்பதைச் சிறிது ஆராய்வோம்.

கல்லுப்பைச் சுத்தியலால் அடித்தால் தூளாகிறது. வெள்ளியை அடித்தால் தகடாகிறது. உப்பில் நேர்மின் துகளும் எதிர்மின் துகளும் ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. ஓரடுக்கு சற்றே நகர்ந்ததும் ஓரினத் துகள்கள் எதிரெதிரே நின்று ஒன்றையொன்று தள்ளக் கட்டுப் பிளக்கிறது. உலோகத்திலோ ஒவ்வோர் அணுவும் தன் புறத்தேயுள்ள எலெக்ட்ரான்களுள் ஒன்றையோ சிலவற்றையோ பொதுவில் விட்டுவிடுகிறது. அவை யாதோர் அணுவுக்கும் தனியுடைமையாகாமல் எங்கும் உலவி, எல்லா அணுக்களையும் ஒருங்கே பிணைக்கின்றன. (நம் சங்கத்துப் பங்குத்தொகை போல என்று சொல்ல ஆசைதான், ஆனால் எலெக்ட்ரானுக்கு ரசீது கிடையாது.) ஆதலின் அடுக்குகள் வழுக்கி நகர்ந்தாலும் பிணைப்பு அறுவதில்லை. மின்சாரம் உலோகத்தில் எளிதிற் பாய்வதும் இவற்றாலேயாம். தாம்சன் 1897இல் எலெக்ட்ரானைக் கண்டறிந்தார். 1900இல் ஜெர்மானிய அறிஞர் ட்ரூட் இக்கருத்துக்கு வித்திட்டார்.

அடுக்கு முழுவதும் ஒரே வீச்சில் நகர்வதில்லை. விரித்த ஜமக்காளத்தை அப்படியே இழுப்பதினும், ஒரு முனையில் மடிப்பெழுப்பி அம்மடிப்பைத் தள்ளிச் செல்வது எளிதன்றோ? உலோகத்தினுள்ளும் அத்தகைய பிசகுகள் ஓடுகின்றன. கம்பியச்சின் துளைகளில் இழுக்க இழுக்க அப்பிசகுகள் பெருகி, சிக்குண்ட நூல்போல் ஒன்றையொன்று தடுக்கக் கம்பி விறைக்கிறது. மேலும் இழுத்தால் அறும். ஆகவே இடையிடையே அனலிற் காய்ச்சி மென்மையை மீட்பர்.

வேற்றணு கலந்தாலும் பிசகின் ஓட்டம் தடைப்படும். வெள்ளி நூற்றுக்கு 92.5, செம்பு 7.5 என்று கலந்தால் தனி வெள்ளியினும் கடினமாகிறது. செம்பணு அளவிற் சிறியதாதலின் வரிசை ஒழுங்கு குலைகிறது.

எஃகில் அவ்வேலையைக் கரி செய்கிறது. அரிவாளுக்கு நூற்றுக்கு ஏறக்குறைய 0.5 முதல் 0.8 வரை கரி போதும். 2க்கு மேற்போனால் அது வார்ப்பிரும்பாகி அடிக்கு உடையும். செக்கச் சிவக்கக் காய்ச்சிய எஃகில் கரியணுக்கள் இரும்பினிடையே கரைந்து நிற்கின்றன. கொல்லர் அதனைச் சட்டென்று தண்ணீரில் தோய்க்கும்போது அவை வெளியேற நேரமின்றிச் சிறைப்படுகின்றன. அடுக்குகள் நகர வழியில்லை. அப்போது எஃகு மிகக் கடினமாயினும் எளிதில் நொறுங்கும். ஆதலின் சிறிது சூடேற்றி அக்கடுமையைத் தணிப்பர். சுமார் 220 டிகிரியில் வைக்கோல் நிறமும் 300 டிகிரியில் நீலமும் எஃகின்மேற் படரும். அனுபவமுள்ள கொல்லருக்கு இந்நிறமே அளவுகோல்.

மின்சாரச் சாணைச் சக்கரத்தில் அரிவாளை அழுத்திப் பிடிக்கும் அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியது இதுவே. விளிம்பில் நீலம் பாரித்தால் தோய்ச்சல் இறங்கிவிட்டது. பின்னர் எத்தனை முறை தீட்டினும் கூர் அரைநாள் நில்லாது. பழியோ கொல்லர்மேல் விழுகிறது. அடிக்கடி தண்ணீரில் நனைத்து, மெல்லப் பிடித்துச் சாணையிடுக. நீலம் ஏறியிருப்பின் அப்பகுதியைத் தேய்த்தகற்றுவதோ, கொல்லரிடம் மீண்டும் தோய்ச்சல் வைத்துக்கொள்வதோதான் வழி.