நட்சத்திரங்கள் எதை அளக்க வேண்டும்?

குழந்தையைக் காப்பகத்தில் விடும் பெற்றோர் காலையில் சில நிமிடங்கள், மாலையில் சில நிமிடங்கள் மட்டுமே அந்த இடத்தைப் பார்க்கிறார்கள். இடையில் என்ன நடந்தது என்று இரண்டு வயதுக் குழந்தையால் எடுத்துச் சொல்லவும் முடியாது. அதனால்தான் அமெரிக்காவில் மாநில அரசுகளே காப்பகங்களைச் சோதித்து நட்சத்திரம் வழங்கத் தொடங்கின. 1998-இல் ஓக்லஹோமா இதைத் தொடங்கிவைத்தது; அடுத்த ஆண்டே வட கரோலினாவும் இறங்கியது. 2011-இல் ஒபாமா அரசு மழலையர் கல்விக்கென அறிவித்த போட்டி நிதியிலிருந்து 20 மாநிலங்கள் ஏறத்தாழ 100 கோடி டாலர் பெற்றன. தரமதிப்பீட்டு முறையை வளர்ப்பது அந்த நிதியின் முக்கிய நோக்கங்களில் ஒன்றாக இருந்ததால், முறை நாடெங்கும் பரவியது. இது தேவையான முறைதான். ஆனால் எதற்கு மதிப்பெண் தருகிறோம், மதிப்பெண்ணோடு பணமும் தருகிறோமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் சரியான விடை இருந்தால்தான் அது குழந்தைக்குப் பயன்படும்.

வட கரோலினாவில் பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்த கணக்கைப் பார்ப்போம். உரிமத்துக்கான குறைந்தபட்ச விதிகளை நிறைவேற்றினால் ஒரு நட்சத்திரம். அதற்கு மேல் ஊழியர்களின் கல்வித்தகுதிக்கு 7, காப்பகம் நடத்தப்படும் தரத்துக்கு 7, கூடுதல் முயற்சிக்கு 1 என மொத்தம் 15 மதிப்பெண். 13 எடுத்தால் ஐந்து நட்சத்திரம். பெற்றோர் வீட்டுக்கு அருகில் இருப்பதையும் கட்டணத்தையும்தான் பார்ப்பார்கள், நட்சத்திரத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. டாஃப்னா பேசோக், தாமஸ் டீ, ஸ்காட் லேதம் ஆகியோர் 2019-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. அவர்கள் இம்மாநிலத்தில் மயிரிழையில் உயர்ந்த மதிப்பீட்டைத் தவறவிட்ட காப்பகங்களை, மயிரிழையில் அதை எட்டியவற்றோடு ஒப்பிட்டார்கள். தவறவிட்டவற்றில் சேர்க்கை குறைந்தது. பின்னர் அவற்றின் தரமும் உயர்ந்தது. பக்கத்தில் போட்டிக் காப்பகங்கள் அதிகமுள்ள இடங்களில் இந்த விளைவு கூடுதலாகத் தெரிந்தது.

மதிப்பீடு காப்பகங்களை அசைக்கிறது என்றால், எந்தத் திசையில் அசைக்கிறது என்பதே அடுத்த கேள்வி. டெரி சபோல், ராபர்ட் பியான்டா உள்ளிட்டோர் 11 மாநிலங்களின் தரவை வைத்து 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய ஆய்வு இங்கே முக்கியமானது. ஊழியரின் பட்டம், ஊழியர்-குழந்தை விகிதம், சூழல் போன்ற அளவுகோல்களைவிட, ஆசிரியர் குழந்தையோடு எப்படிப் பேசுகிறார், எப்படி ஊக்குவிக்கிறார் என்பதே குழந்தையின் கற்றலைத் தெளிவாக முன்னறிவித்தது. பல கூறுகளைக் கலந்து கூட்டிய மதிப்பெண் அந்த அளவுக்குப் பயன்படவில்லை. சான்றிதழை எண்ணுவது எளிது. வகுப்பில் உட்கார்ந்து உரையாடலைக் கவனிக்கப் பயிற்சி பெற்ற ஆளும் நேரமும் செலவும் வேண்டும். அப்படியானால் ஊழியர்-குழந்தை விகிதம் வேண்டாமா? கட்டாயம் வேண்டும். ஒரே ஊழியரிடம் ஏராளமான கைக்குழந்தைகளை ஒப்படைப்பது ஆபத்து. ஆனால் பாதுகாப்பு எல்லாக் காப்பகத்துக்கும் உரிமத்திலேயே கட்டாயமாக இருக்க வேண்டிய அடித்தளம். நட்சத்திரம் அதற்கு மேலே நிகழும் வளர்ப்பை அளக்க வேண்டும்.

ஏழைப் பகுதிகளின் சிறிய காப்பகங்களை இம்முறை தண்டிக்கிறது என்ற புகார்தான் எல்லாவற்றிலும் கனமானது. அதில் உண்மை இருக்கிறது. நட்சத்திரம் கூடினால் மானியமும் கூடும் என்று விதி வைத்தால், முன்னேறப் பணம் தேவைப்படுபவருக்கே பணம் குறைகிறது. 2023 கணக்குப்படி அமெரிக்கக் காப்பக ஊழியரின் இடைநிலை ஊதியம் மணிக்கு 15 டாலரைத் தொடவில்லை. அந்தச் சம்பளத்தில் நல்ல ஆசிரியர் நிலைப்பது கடினம். ஆசிரியர் மாறிக்கொண்டே இருந்தால் குழந்தைக்குப் பழகிய முகமும் இல்லை. இதற்காக மதிப்பீட்டைக் கைவிட்டால் குறை மறைந்துவிடாது, கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். குறைந்த நட்சத்திரம் பெற்ற காப்பகத்துக்குப் பயிற்சியும் ஊதிய உதவியும் முதலில் போக வேண்டும். அதன் பிறகும் திருந்தாவிட்டால் நடவடிக்கை எடுக்கலாம். பெற்றோரும் எத்தனை நட்சத்திரம் என்று கேட்பதோடு நிற்காமல், எதற்காகக் கிடைத்த நட்சத்திரம் என்று கேட்க வேண்டும்.