சிறுநீர்ப் பரிசோதனை

நோயாளியின் நீரைப் பார்த்து நோயறியும் வழக்கம் தமிழருக்குப் புதியதன்று. நிறம், மணம், நுரை, எடை, எஞ்சல் என்னும் ஐந்தையும் நோக்கிச் சித்த வைத்தியர்கள் நீர்க்குறி கூறினர். நீரின்மேல் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு, அது பரவும் விதங்கொண்டு நெய்க்குறியும் கண்டனர். அவர்கள் விடியற்காலை நீரையே வேண்டினர். இன்றைய ஆய்வுகூடமும் அதனையே விரும்புகின்றது. காரணம் மட்டும் வேறு.

சலங் கழிக்கையில் எரிவு, அடிக்கடி முட்டுதல், அடிவயிற்றில் நோவு ஆகியன தோன்றினால், ‘உடற்சூடு’ என்று இளநீர் குடித்துவிட்டு இருப்பவர் பலர். பெரும்பாலும் அது கிருமித்தொற்று. குடலில் வாழும் ஈகோலை என்னும் பற்றீரியாவே பல வேளைகளிலும் சலவழியால் ஏறிவிடுகின்றது. ஆண்களில் அவ்வழி ஏறக்குறைய 20 சதமமீற்றர் நீளமுடையது; பெண்களில் 4 சதமமீற்றர் மாத்திரமே. ஆதலின் இந்நோய் பெண்களையே மிகுதியும் பற்றுகின்றது. வெட்கத்தால் அதனை மறைப்போரும் அவர்களே. நடுக்கத்தோடு காய்ச்சலும் விலாப்புற நோவும் கண்டால், கிருமி சிறுநீரகத்தை எட்டிவிட்டதெனக் கருதி அன்றே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

பரிசோதனையின் பெறுபேறு, நீரை எடுக்கும் முறையிலேயே பெரிதும் தங்கியுள்ளது. கழுவிய மருந்துப் போத்தலோ ஜாம் போத்தலோ உதவாது. ஆய்வுகூடம் தரும் கிருமிநீக்கிய போத்தலே வேண்டும். கையையும் சலவாயிலையும் கழுவி, முதலில் வரும் நீரைப் போகவிட்டு, இடையில் வருவதைப் பிடித்தல் வேண்டும். முதல் நீர் தோலிலுள்ள கிருமிகளை அடித்துச் செல்லும். மூடியின் உட்புறத்தில் விரல் படலாகாது.

அடுத்தது நேரம். ஏற்ற வெப்பத்தில் ஈகோலை ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கவல்லது. அக்கணக்கின்படி, காலை 6 மணிக்கு எடுத்த நீரில் 100 கிருமிகள் இருந்தால், பஸ்ஸில் பட்டணம் சேர்ந்து 9 மணியாகும்போது அவை 51,200 ஆகலாம்! 1956ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் எட்வேட் காஸ், மில்லிலீற்றருக்கு 1,00,000 கிருமிகளை மெய்யான தொற்றின் எல்லையாகக் காட்டினார். நோய்க்குறி தெளிவாயின் அதனிலும் குறைந்த தொகையையும் இக்கால வைத்தியர் ஏற்பர். ஆயினும் வழியில் பெருகிய கிருமி எவரையும் ஏமாற்றும். இரண்டு மணித்தியாலத்துள் ஒப்படைக்க இயலாதவிடத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தல் வேண்டும்.

காலை நீரை விரும்புவதன் காரணம் யாதெனில், சில கிருமிகள் நீரிலுள்ள நைத்திரேற்றை நைத்திரைற்றாக மாற்றுகின்றன. அதற்கு நீர் சலப்பையில் நான்கு மணித்தியாலமாவது தங்கல் வேண்டும். சோதனைத் தாள்கள் அம்மாற்றத்தையே காட்டுகின்றன. யூ.எவ்.ஆர். என வழங்கும் அறிக்கை சீழ்க்கலங்களின் தொகையைக் கூறும். அது விரைவில் கிடைக்கும். கிருமி எது, எம்மருந்துக்கு அடங்கும் என்பதைக் கூறும் வளர்ப்புச் சோதனைக்கோ இரண்டு மூன்று நாட்கள் செல்லும். அயலவர் கொடுத்த மீதிக் குளிசை இரண்டை விழுங்கிவிட்டுப் போத்தலைக் கொடுப்பவருக்கு அச்சோதனை சரியான விடை தராது. நீரைக் கொடுத்த பின்னரே மருந்தைத் தொடங்கல் முறை.

கர்ப்பிணிகளில் யாதொரு நோவுமின்றியே கிருமி இருத்தல் கூடும். கவனியாதுவிடின் அது சிறுநீரகத்துக்கு ஏறலாம். எனவே அவர்கள் குறையில்லாதபோதும் சோதித்தல் வேண்டும். முதியோரிலோ நோய்க்குறியின்றிக் கிருமி மட்டும் காணப்படின், பெரும்பாலும் மருந்து வேண்டியதில்லை.

அறிக்கையில் மேலணிக் கலங்கள் மிகுதியாயிருந்தால், தோலிலிருந்து கலப்பு நேர்ந்துள்ளது என்பதே பொருள். வைத்தியர் மறுமுறை நீர் கேட்டால், சலியாது இன்னொரு போத்தல் கொடுக்கலாம்.